அடுப்பில்லாத கட்டடத்தில் புகை

எங்கள் தோட்டத்தில் அடுப்பு இல்லாத கட்டடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயன்களில் காம்பராவுக்கு, அதாவது அறைக்கு, ஓர் அடுப்பு. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு வேகும். கோயிலில் பொங்கல். ஆபீசில் எந்நேரமும் தேத்தண்ணி. இறப்பர் பாலைச் சீட்டாக்கித் தொங்கவிட்டுக் காயவைக்கும் புகைக்கூடத்தைச் சொல்லவே வேண்டாம். அதில் பழைய இறப்பர் மரக் கட்டைகள் இரவும் பகலும் கனன்றுகொண்டிருக்கும். மிஞ்சியது பிள்ளைக் காம்பரா. இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்கள் விடிவதற்கு முன்பே கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுப்போகும் இடம். அங்கே பால் சூடாக்குவதுகூடக் கரண்டில்தான்.

சுத்தமான காற்று வேண்டும் என்று தேடி வந்த ஆய்வாளர் அந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

அவர் வரக்காப்பொலக்காரர். அங்கே கண்டி வீதியில் அவருடைய வாப்பாவுக்குப் புடவைக்கடை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, காற்றில் மிதக்கும் நுண்துகள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். குறிப்பாக, விமானங்கள் கக்கும் கரி. கட்டுநாயக்கவில் ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கருவி வைத்திருந்தார். அந்தக் கணக்கோடு ஒப்பிட, நகரத்தையும் பெரிய வீதியையும் விட்டுத் தள்ளி, ஆனால் விமானங்கள் இறங்கிவரும் பாதைக்குக் கீழே, ஓர் இடம் அவருக்குத் தேவைப்பட்டது. தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறினால் வரும் எங்கள் மலைக்கு மேலாகத்தான் கிழக்கிலிருந்து வரும் விமானங்கள் மேற்கே சரிந்து போகின்றன.

நான் கொழும்பில் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு, பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்து, வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருந்த காலம் அது. கரண்ட் போய்வந்தால் கருவியை மறுபடி இயக்கவும், அதிலுள்ள வடிதாள் சுருள் முடிந்தால் மாற்றவும் ஓர் ஆள் வேண்டும் என்றார் ஆய்வாளர். பகலில் சும்மா இருப்பவன் என்று ஆபீசில் என்னைக் காட்டியிருந்தார்கள்.

கருவி ஒரு சின்னப் பயணப்பெட்டி அளவு. பின்சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில் துளையிட்டு, ஒரு மெல்லிய குழாயை வெளியே விட்டோம். குழாய் காற்றை உறிஞ்சும். காற்றிலுள்ள கரி வடிதாளில் ஒரு புள்ளியாகப் படியும். புள்ளி கறுத்ததும் தாள் தானாக நகர்ந்து அடுத்த புள்ளி தொடங்கும். பெட்டிக்கு முன்னால் ஒரு சின்னத் திரையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பான பெண்ணை எல்லோரும் டீச்சர் என்பார்கள். நாற்பது வயதிருக்கும். சிங்களத்தில் சண்டை பிடித்தால் தெஹியோவிட்ட பஸ் கொண்டக்டர்களே அடங்கிப்போவார்கள். ஆய்வாளர் அவரிடம் ஒரு நிருபரைப் போலக் கேள்வி கேட்டார். அடுப்பு உண்டா? குப்பை எரிப்பீர்களா? கொசு விரட்டும் நுளம்புச் சுருள் கொளுத்துவீர்களா? எல்லாவற்றுக்கும் டீச்சர் இல்லை என்றார். உண்மையும் அதுதான்.

பிறகு அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"மெசின வைங்க சார், வேணாம்னு சொல்லல. ஆனா பிளேன் புகைய மட்டும் பாத்துட்டுப் போயிறக் கூடாது. அந்தா தெரியுது பாருங்க ஸ்மோக் அவுஸ், அந்தப் புகை இங்க வருதா இல்லியான்னு எனக்குச் சொல்லணும்."

புகைக்கூடம் சரிவில், பிள்ளைக் காம்பராவுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதன் புகைபோக்கியின் வாயும் பிள்ளைக் காம்பராவின் ஜன்னலும் ஏறத்தாழ ஒரே மட்டம். குழந்தைகளுக்கு இருமல் விடுவதில்லை, புகைக்கூடத்துக்கு ஏதாவது செய்யுங்கள் என்று டீச்சர் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் பலமுறை கேட்டிருந்தார். துரையும் பலமுறை அதே பதிலைச் சொல்லியிருந்தார்: சப்ரகமுவ மாகாணத்தில் எந்நேரமும் மழை, மழையில் பிள்ளைகள் இருமத்தான் செய்வார்கள், புகைதான் காரணம் என்றால் காட்டுங்கள். காட்டுவதற்கு அதுவரை டீச்சரிடம் இருந்தது அவருடைய மூக்கு மட்டும்.

"பார்த்துச் சொல்றன், டீச்சர்," என்றார் ஆய்வாளர்.

முதல் வாரங்களில் தோட்டமே வந்து பெட்டியைப் பார்த்துப்போனது. புகைக்கூடத்தில் விறகு போடும் அண்ணன் வாசலில் நின்றபடி கேட்டார்:

"இதுதான் என்னையப் பத்திக் கோள் சொல்ற மெசினா?"

"நீங்க யோக்கியமா இருந்தா அது என்னாத்துக்குக் கோள் சொல்லுது?" என்றார் டீச்சர்.

"நான் யோக்கியந்தான். கட்டைதான் ஈரம்."

டீச்சருக்கும் வேறு கேள்விகள் இருந்தன. சில நாள் காலையில் வானத்தின் உச்சியில் ஒரு வெள்ளைக் கோடு நீளுமே, அது புகைதானே என்றார். ஆய்வாளர் இல்லை என்றார். அவ்வளவு உயரத்தில் தாங்க முடியாத குளிர். எஞ்சினிலிருந்து வரும் கரித்துகளைச் சுற்றி ஈரம் உறைந்து பனியாகிவிடுகிறது, நாம் பார்ப்பது அந்தப் பனியை. எங்கள் மலைக்கு மேலே இறங்கிப் போகும் விமானங்களுக்கு அந்தக் கோடு இல்லை, இந்த உயரத்தில் அவ்வளவு குளிர் கிடையாது. அதற்காகக் கரி இல்லை என்று அர்த்தமல்ல, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"அப்ப கோடு போடுறது நல்ல பிளேனு, போடாதது கள்ள பிளேனா?"

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். ஒண்ணு மாட்டிக்கிட்டது."

அந்தப் பதில் டீச்சருக்குப் பிடித்துப்போனது. பிறகு வந்த பல நாட்களில், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வானத்தைக் காட்டி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கருவி அனுப்பும் எண்களை ஆய்வாளர் தம் போனிலேயே பார்ப்பார். ஒருநாள் அவர் கூப்பிட்டபோது குரலில் வேகம் இருந்தது. காலை பத்து மணியை ஒட்டி எண் திடீரென்று எகிறுகிறது, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிறது என்றார். எல்லா நாளும் இல்லை. செவ்வாய், புதன், வெள்ளி, சனி மட்டும். ஞாயிறு, திங்கள், வியாழன் வெறிச்சென்று இருக்கிறது.

"அண்ணன், கிழமை பார்த்து வாறது என்னத்த? இயற்கைக்குக் கிழமை தெரியாதே."

"மனுசனுக்குத் தெரியும்," என்றேன்.

"பிளேனுக்கும் தெரியும்."

வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் பறக்கும் சேவைகள் உண்டு. அவர் கால அட்டவணைகளைத் தோண்டி, ஏறத்தாழ அதே கிழமைகளில் அந்த நேரத்துக்கு எங்கள் மலையைத் தாண்டும் ஒரு விமானத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இந்த உயரத்திலிருந்து கரி தரைவரை இறங்குவதை அவரே எதிர்பார்த்திருக்கவில்லை. எதிர்பாராதது கிடைத்தால் நிருபருக்கு என்ன ஆகுமோ அதுதான் அவருக்கும் ஆகியிருந்தது. செய்தி கையில் இருக்கிறது, இன்னும் உறுதியாகவில்லை. இரண்டாவது ஆளிடம் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது ஆள் வடிதாள். அதிலுள்ள கரியின் மேல் கருவி இரண்டு விதமான ஒளியைப் பாய்ச்சுகிறது. விமானம் எரிக்கும் எண்ணெயின் கரி இரண்டு ஒளியையும் ஏறத்தாழ ஒரே மாதிரி விழுங்கும். விறகு போன்றவற்றின் புகை ஊதாப் பக்கத்து ஒளியைக் கூடுதலாக விழுங்கும். அடுத்த முறை மடிக்கணினியோடு வந்து, பிள்ளைக் காம்பராவின் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் விமானம் இல்லை.

"விறகு மாதிரித்தான் காட்டுது. பிளேன் இல்ல."

அவர் ஏமாந்த அதே நொடியில் டீச்சர் எழுந்து நின்றார்.

"நான் சொன்னேனா இல்லியா? ஸ்மோக் அவுஸ் விறகுலதானே எரியுது!"

அன்றைக்கே எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். துரை சிங்களவர், நல்லவர், தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார். மடிக்கணினித் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"ஹரி," என்றார், சரி என்பதைச் சிங்களத்தில். "ஆனா டீச்சர், ஸ்மோக் அவுஸ் ஏழு நாளும் எரியுது. இது நாலு நாள் மட்டும் ஏன்? மிச்ச மூணு நாள் புகை எங்க போறது, லீவா?"

ஆய்வாளர் மடிக்கணினியை மூடினார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் என்னைத் தொந்தரவு செய்தது. செய்தி அறையில் இருந்த காலத்தில், இரண்டு பேர் சொன்னது பொருந்தாவிட்டால் நேரே இடத்துக்குப் போய் நிற்பதுதான் பழக்கம். புதன்கிழமை காலை, ஒன்பது மணிக்கே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பின்பக்கத்துத் தண்ணீர்க் குழாயடியில் டீச்சரும் உதவிக்கு இருக்கும் பெண்ணும் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று பையன்களின் நாள். எண்ணெய் வைத்து, கரண்டில் காய்ச்சிய சுடுநீரில் தலை குளிப்பாட்டி, துவாயால் துடைத்து, ஒவ்வொருவராகப் பின்வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே உதவிப் பெண் ஒரு மண்சட்டியில் தேங்காய்ச் சிரட்டைக் கரியை ஊதிக் கனியவைத்திருந்தாள். டீச்சர் சாம்பிராணித் தூளை ஒரு சிட்டிகை தூவினார். முதல் பையனை முழங்கையில் மல்லாத்தி, ஈரத் தலைமுடியைப் புகைக்கு மேலே காட்டினார். புகை வெள்ளையாக எழுந்து, பின்சுவரில் தடவி, ஜன்னலோரம் போனது. எங்கள் குழாயின் வாய் இருந்த இடம் அது.

திரையில் எண் ஏறத் தொடங்கியது.

ஆண்பிள்ளைகளுக்குப் புதனும் சனியும், பெண்பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளிப்பு. எங்கள் தோட்டத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் அந்த நாட்களில்தான் தலை குளிப்பாட்டியிருப்பார்கள். ஆனாலும் அந்த நாலு கிழமைகளைக் கேட்டபோது எனக்கு அது தோன்றவில்லை, ஆய்வாளர் சொன்ன விமான அட்டவணையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"டீச்சர், இங்க வந்து பாருங்க."

பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எண்ணைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"சட்டிய அந்தப் பக்கம் தூக்குடி," என்றார் உதவிப் பெண்ணிடம். சட்டி முற்றத்தின் கோடிக்குப் போனது. எண் மெல்ல இறங்கியது.

"கொண்டா." சட்டி திரும்பி வந்தது. எண் ஏறியது.

டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

"சாம்பிராணியைப் போயி யாராவது புகைன்னு சொல்லுவாங்களா? சளி புடிக்கக் கூடாதுன்னுதானே போடுறோம்."

ஆய்வாளரைக் கூப்பிட்டேன். மறுமுனையில் சிரிப்பு.

"எங்கட உம்மாவும் வெள்ளிக்கிழம அந்திக்கு வீடு முழுக்கப் போடுவா, அண்ணன். அந்தப் புகைக்குள்ள உக்காந்துதான் நான் படிச்ச. கேள்விப் பட்டியல்ல அது எனக்குத் தோணவே இல்லியே."

டீச்சர் சிரிக்கவில்லை. அவருக்கு நேர்ந்தது எனக்குப் புரிந்தது. இதைச் சொன்னால் துரை ஒரே வரியில் முடித்துவிடுவார்: உங்கள் புகையை நீங்களே போட்டுக்கொண்டு என் புகைக்கூடத்தைக் குறை சொல்கிறீர்களா? போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"சார், நான் ஒண்ணு கேக்குறேன். நாங்க சாம்பிராணிய நிப்பாட்டிட்டா, அதுக்குக் கீழ என்னா இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும்," என்றார் அவர். இப்போது சிரிப்பு இல்லை. "அதுதான் செய்யணும். உயரமானத எடுத்தாத்தான் சின்னது தெரியும்."

நிறுத்துவது எளிதாக இல்லை. தாய்மார் மத்தியானம் பிள்ளைகளைத் தூக்க வந்தபோது தலையை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"என்னாங்க டீச்சர், புள்ள தலை பச்சத்தண்ணி வாடை அடிக்குது?"

"கொஞ்ச நாளைக்கு இல்ல. மெசின் பாக்குது."

"மெசினுக்குச் சளி புடிக்காது. எங்க புள்ளைக்குப் புடிக்கும். அப்புறம் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு அலையிற கரதரயும் தொல்லையும் எங்களுக்குத்தான்."

"டீச்சருக்கு இப்ப மெசின்தான் சாமி," என்றாள் இன்னொருத்தி. "பொட்டு வச்சு, மாலையும் போட்டுருங்க."

"போடுவேன். கற்பூரம் மட்டும் காட்ட மாட்டேன்," என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள், கேட்டவளும். அடுத்த குளிப்பு நாளில் அவள் தன் கல்யாணத்துக்கு வந்த தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் போட்டதும் கரண்ட் போய்விட்டது. நான்தான் பெட்டியை மறுபடி இயக்கினேன். அதற்குப் பிறகு துவாயும் வெயிலும்தான்.

இரண்டு வாரம் கழித்து ஆய்வாளர் புதிய வரைபடத்தோடு வந்தார். நாலு கிழமைக் கூர்முனைகள் போயிருந்தன. அவற்றின் உயரத்துக்கு ஏற்பத் தாளில் இடம் ஒதுக்கியிருந்ததால் இவ்வளவு நாளும் தரையோடு தரையாகத் தெரிந்த ஒரு கோடு இப்போது எழுந்து தெரிந்தது. விடியற்காலையில் ஒரு தாழ்ந்த அகலமான மேடு. வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது. ஞாயிறு, திங்கள் என்று பேதமில்லை, எல்லா நாளும். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் மூடிபோட்டதுபோல் கிடக்கும், வெயில் வந்து சூடாக்கும்வரை புகை மேலே போக வழியில்லை என்று விளக்கினார். தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நேரம் அந்த மேட்டின் உச்சியில் இருந்தது.

"இது ஸ்மோக் அவுஸ்தானே?" டீச்சர் இம்முறை எழுந்து நிற்கவில்லை.

"இருக்கலாம். லயத்து அடுப்பாவும் இருக்கலாம். விடிய எல்லா வீட்லயும் எரியுமே."

"எப்பிடிப் பிரிக்கிறது?"

ரெண்டில் ஒன்றை அணைத்துப் பார்க்க வேண்டும் என்றார். தோட்டத்து அடுப்புகள் எல்லாவற்றையும் ஒருநாள் காலை அணைக்கச் சொல்ல யாராலும் முடியாது. புகைக்கூடத்தை அணைக்கச் சொல்லத் துரை ஒப்பமாட்டார். ஆனால் மாசியில் இறப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு நிற்கும், பால் வற்றும், வெட்டு நிற்கும். தொங்கும் சீட்டெல்லாம் காய்ந்து முடிந்ததும் புகைக்கூடம் தானே குளிர்ந்துவிடும். ஆட்களுக்குப் புல்லுவெட்டும் உரம் போடுவதும் இருக்கும். ஆகவே அடுப்புகளும் எரியும், பிள்ளைகளும் வருவார்கள். இதை முதலில் சொன்னது விறகு போடும் அண்ணன்தான், வாசலில் நின்றபடி.

"எனக்கு வேலையில்லாத காலத்துல என்னையப் பத்தி மெசின் என்னா சொல்லுதுன்னு பாப்போமே."

மாசிவரை காத்திருந்தோம். மரங்கள் மொட்டையாகி, பிள்ளைக் காம்பரா முற்றம் முழுக்கச் செம்பழுப்பு இலைகள் கிடந்தன. புகைபோக்கியில் புகை நின்ற பிறகும் விடியலில் அந்த மேடு வந்தது. ஆனால் பாதி உயரத்துக்கு.

துரை இம்முறை பிள்ளைக் காம்பராவுக்கே வந்தார். ஆய்வாளர் இரண்டு கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்: புகைக்கூடத்தில் விறகு எரிந்த காலைகள், எரியாத காலைகள். சாம்பிராணிக் கதையை டீச்சரே முதலில் சொல்லிவிட்டார், யாரும் கேட்பதற்கு முன்பு. துரை சிரித்தார். பிறகு திரையை விரலால் தொட்டார்.

"பாதி என்னோடது. ஹரி. மிச்சப் பாதி?"

"அது எங்க அடுப்புங்க சார்," என்றார் டீச்சர். "அந்தப் பாதிக்கு எங்களக் கேளுங்க, நாங்க பதில் சொல்றோம். இந்தப் பாதிக்கு நீங்க சொல்லுங்க."

துரை புகைக்கூடத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் குழாயின் வாய் நீட்டிக்கொண்டிருந்த ஜன்னலை. புகைபோக்கியை உயர்த்த மேலிடத்தில் கேட்க வேண்டும், அதற்கு நாளாகும் என்றார். ஆனால் விறகு போடும் நேரத்தை மாற்ற யாரையும் கேட்கத் தேவையில்லை. விடியலில் கட்டை போடாமல், இரவுத் தணலிலேயே விட்டு, வெயில் ஏறியபின் போடலாம்.

"சீட்டுக் காயலன்னா?" என்றார் விறகு போடும் அண்ணன். "மெசின் வந்து காயவைக்குமா?"

"காயும்," என்றார் துரை. "காயாட்டி என்கிட்ட வா."

மரங்கள் துளிர்த்து வெட்டு தொடங்கிய பிறகு, புதிய நேரத்தில் புகைக்கூடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆய்வாளர் இன்னும் சில வாரம் கருவியை விட்டுவைத்தார். மேடு தாழ்ந்தே நின்றது. சீட்டும் காய்ந்தது. டீச்சருடைய அடுத்த வேலை தாய்மாரோடு. விடியலில் அடுப்புக்கு மேலே கூரையிலுள்ள புகைத் திறப்பைத் திறந்துவைப்பது, ஈரவிறகை முதல்நாளே அடுப்படியில் அடுக்கிக் காயவைப்பது. பாதி வீடுகளில் கேட்டார்கள். மீதி வீடுகளில் "மெசின் சாமி வந்துருச்சு" என்றார்கள்.

ஆய்வாளர் தேடிவந்த விமானக் கரி எங்கள் வடிதாளில் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. இந்த இடம் அவருக்குப் போதுமான அளவு சுத்தமில்லை. கருவியைக் கழற்றி, இன்னும் தள்ளி, ஆளே இல்லாத ஒரு மேட்டுக்குக் கொண்டுபோனார். போன இடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறதாம், ஒரே ஒரு வீடு.

"முதல்ல நான் என்ன கேட்ட தெரியுமா, அண்ணன்? சாம்பிராணி எண்டைக்குப் போடுவீங்கண்டுதான்."

அதை டீச்சரிடம் சொல்லப் போனேன். விடிந்தும் விடியாத நேரம். தாய்மார் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வேளையில் எப்போதும் சாத்தியிருக்கும் பின்பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. எதிரே புகைபோக்கியின் வாயில் மெல்லிய நீலப் புகை மட்டும். சுவரில் குழாய் போன துளை அப்படியே இருந்தது, அடைக்கச் சொல்லவா என்று கேட்டேன்.

"இருக்கட்டுங்க," என்றார் டீச்சர், ஒரு பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்தபடி. "புகைபோக்கிய ஒசத்துறதா சொல்லியிருக்காங்களே. ஒசத்துனதும் திரும்பப் பாக்கணும்ல."